சாமியின் காதுக்குப் பஞ்சு

புக்கிட் ரோத்தானைத் தாண்டி உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்தில், முனியாண்டி கோயில் திருவிழாவன்று வாசலில் ஒரு கடை போடுகிறார்கள். எலுமிச்சை, சூடம், சுருட்டு ஆகியவற்றோடு சின்னச் சின்ன பிளாஸ்டிக் பைகளில் பஞ்சும் விற்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் பஞ்சு எதற்கென்று கேட்பார்கள். கடைக்காரப் பெண் சலிக்காமல் சொல்வாள்: "சாமி காதுல வைக்கணும்க்கா. நெனச்சது நடக்கும்லா." அந்தப் பஞ்சு அங்கே எப்படி வந்ததென்று எனக்குத் தெரியும். அந்தச் சாமியையும் தெரியும். அவர் என் சித்தப்பா.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பட்டாளத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான். எல்லைக் காட்டில் ரோந்து போனபோது, அவருக்கு முன்னால் நடந்த சிநேகிதன் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். சித்தப்பாவுக்குக் கீறல்கூட இல்லை. வேலை முடிந்து ஊர் திரும்பியபோது, கை கால் முழுசாக வந்தவன், கொடுத்து வைத்தவன் என்று எல்லோரும் மெச்சினார்கள். கொஞ்ச நாளில்தான் விஷயம் தெரிந்தது. லோரி டயர் வெடித்தால் சோற்றுத் தட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடுவார். வெளியே இழுக்க முடியாது. இது தெரிந்த பிறகு, பையன்கள் தகரக் கூரையில் கல்லெறிந்து வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர்கள் தடுத்தார்களா? அவர்களும் நின்று சிரித்தார்கள். பட்டாளத்துப் பைத்தியம் என்று பெயரும் வைத்தார்கள். தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் வெடிச் சத்தம் தொடங்குவதற்கு முன்பே, சித்தி பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்து உருட்டி அவர் காதுகளில் அடைத்துவிடுவாள். அவ்வளவு பெரிய ஆள், எண்ணெய் தேய்த்துக்கொள்ள வரும் பிள்ளையைப் போலத் தலையைச் சாய்த்துக் காட்டுவார்.

ஒரு திருவிழாவில் சித்தி அடுப்படியில் இருந்த நேரம் பார்த்துக் கோயிலில் சரவெடி கொளுத்திவிட்டார்கள். சித்தப்பா நடுங்கினார், குப்புற விழுந்தார், மண்ணில் ஊர்ந்தார், "கால எடுக்காதடா, கால எடுக்காதடா" என்று கத்தினார். கண்ணிவெடியை மிதித்துச் செத்துப்போன சிநேகிதனிடம் அன்று அவர் கத்திய கத்தல் அது. எங்கள் ஜனங்களுக்கு அது அருள் வந்ததாகத் தெரிந்தது. உறுமி மேளம் உச்சத்துக்குப் போனது. முதல் நாள் கல்லெறிந்தவர்கள் அவர் காலில் விழுந்தார்கள். காலை எடுக்காதே என்றால் தோட்டத்தை விட்டுப் போகாதே என்று அர்த்தம் சொன்னார் கோயில் தலைவர். அவர் முன்னாள் மண்டோர், தோட்டத்துக் கூலியாட்களை மேய்த்தவர். அதட்டியே பழகிய தொண்டை. அதைக் கேட்டு, டவுனில் கிடைத்த வேலையை விட்டவர்களும் உண்டு. அடுத்த ஆண்டிலிருந்து சாமியை வரவழைப்பதற்கென்றே சித்தப்பாவின் காதருகில் வெடி வைத்தார்கள்.

சுங்கை பெசாரிலிருந்து அவரோடு பட்டாளத்தில் இருந்த மலாய்க்கார சார்ஜன் ஒருவர் மோட்டாரில் வருவார். ஒருநாள் சித்தியை உட்கார வைத்து, "புக்கான் ஹந்து, சாக்கிட்" என்றார். பேயுமில்லை பிசாசுமில்லை, நோய் என்று ஒருவர் சொல்லி அப்போதுதான் கேட்டோம். அவரே சித்தப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். மாதம் ஒருமுறை பழைய பட்டாளத்துக்காரர்கள் சார்ஜன் வீட்டு முற்றத்தில் கூடி தேத்தண்ணி குடிப்பார்கள். உள்ளே அடுப்படியில் மனைவிமார்கள் கூடுவார்கள். தன் புருஷனும் கட்டிலுக்கு அடியில் படுக்கிறவன்தான் என்று ஒருத்தி சொல்ல, சித்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். சித்தப்பா மெல்ல மெல்லத் தேறினார். தனியாகச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தார். விலையை ஏமாந்துவிட்டார் என்று சித்தி திட்டினாள். எவ்வளவு சந்தோஷமாகத் திட்டினாள் தெரியுமா!

அந்த ஆண்டுத் திருவிழாவில் சாமி வரவில்லை. எவ்வளவு வெடித்தும் சித்தப்பா வியர்த்து வழிந்தபடி சித்தியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. "மருந்தக் குடுத்து சாமிய வெரட்டிட்டியேமா, தோட்டம் வெளங்குமா?" என்று தலைவர் சித்தியிடம் கத்தினார். அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்போதே வந்து, சித்தப்பாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருக்கச் சொன்னார். மாத்திரையின் உறை மாட்டெலும்பில் செய்ததாம், விரதத்தில் தொடக்கூடாதாம். சார்ஜன் வீட்டுத் தேத்தண்ணியும் கூடாதாம். இதைச் சொன்ன மனுஷன் தன் சர்க்கரை மாத்திரையைக் காலையும் மாலையும் விழுங்கிக்கொண்டிருந்தார். அதற்கு எலும்பு கிடையாது போலும்! சித்தி மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். ஒப்புக்கொண்டது சித்தப்பாதான். "சாமியா இருந்தாத்தான் இவனுங்க என்ன மனுசனா மதிக்கிறானுங்க, வுடு" என்றார்.

திருவிழாவுக்குள் சித்தப்பாவின் தூக்கம் போய்விட்டது, பேச்சும் நின்றுவிட்டது. சித்தி வைத்த பஞ்சைத் தலைவரே பிடுங்கி எறிந்தார். வெடித்ததுதான் தாமதம், சித்தப்பா ஊர்ந்துபோய்க் கோயிலுக்குப் பின்னாலிருந்த பாரிட்டில், மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்த அந்த வாய்க்காலில் இறங்கி முகம் புதையப் படுத்துவிட்டார். குண்டுக்குப் பதுங்குகிறவர் அப்படித்தான் படுப்பார். குறி சொல்லும் முன் சாமி குளிப்பது எங்கள் கோயில் வழக்கம். குளிக்கும் சாமியின் குறுக்கே பெண்கள் போகக்கூடாது. ஓடிய சித்தியைப் பெண்களே மடக்கிப் பிடித்தார்கள். முண்டிய என்னையும் பிடித்தார்கள். "மூச்சு முட்டுது, தூக்குங்க" என்று அவள் கதறினாள். "சாமி தண்ணியில இருக்கு, வாய மூடு" என்றார் தலைவர். உறுமியை ஓங்கி அடிக்கச் சொன்னார். மஞ்சள் வேட்டியோடும் சூடத் தட்டோடும் கரையில் காத்திருந்தார்கள். சாமி எழுந்திருக்கவே இல்லை.

சவத்தின் மூக்கில் பஞ்சு வைத்தபோது சித்தி மிச்சத்தை வாங்கி, எண்ணெயில் நனைத்து, உருட்டி, அவர் காதுகளில் வைத்தாள். "போறப்பவும் வெடி வைப்பானுங்க" என்றாள். வைத்தார்கள். சாமியாயிற்றே, அதனால் வழியெல்லாம் வைத்தார்கள்.

பாரிட் கரையில் அவருக்குச் சிமெண்டில் சிலை எழுப்பினார்கள். முறுக்கிய மீசை, கையில் அரிவாள், காலில் பட்டாளத்துப் பூட்ஸ். முதல் திருவிழாவுக்கு முந்தின நாள் சித்தி போய்ச் சிலையின் காதுகளில் பஞ்சை வைத்துவிட்டு வந்தாள். பார்த்த ஒருத்தி, ஏதோ நேர்த்தி என்று நினைத்துத் தானும் வைத்தாள். அவள் மகளுக்கு வரன் அமைந்துவிட்டது. அவ்வளவுதான், தூரத்துக் கெர்லிங்கிலிருந்துகூட வேன் பிடித்து வருகிறார்கள். பஞ்சு விழாமல் நிற்கட்டும் என்று தலைவர் ஆள் வைத்துச் சிலையின் காதுகளை ஆழமாகக் குடையச் செய்தார்.

சித்தி இப்போது கோயில் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. திருவிழாவன்று சார்ஜன் வீட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். நான் மட்டும் இந்த ஆண்டும் போய் நின்றேன். பெண்கள் வரிசையில் வந்து, பஞ்சை உருட்டி, பயபக்தியோடு சித்தப்பாவின் காதுகளில் வைத்தார்கள். கடைசிப் பெண்ணும் வைத்து முடித்ததும் தலைவர் கையைக் காட்டினார். எல்லோரும் தள்ளி நின்றார்கள். பிறகு சிலையின் காலடியில் சரவெடியைக் கொளுத்தினார்கள்.