மேனேஜருக்கு ஒரு பெட்டி சுருட்டு

என் அப்பா வாழ்நாளில் ஒரே ஒரு சுருட்டுதான் பிடித்தார். அதுவும் பாடம் படிப்பதற்காக. தாராவியில் ஒரு புகையிலைக் கடையின் பின்பக்கம், கவிழ்த்துப் போட்ட தகர டின்மேல் உட்கார்ந்து, மடியில் ஷார்ட்ஹாண்ட் நோட்டை வைத்துக்கொண்டு பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஒன்பது வயது.

அறுபதுகளின் நடுவில் ஒரு ஜூலை மாதம் அது. அப்பா கோட்டைப் பகுதியில், இயந்திரங்கள் வரவழைத்து விற்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. பம்பாய் ஆபீஸைக் கல்கத்தா ஆபீஸோடு சேர்க்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்திருந்தது. பதினோரு பேரில் நான்கு பேர் போதுமாம். அந்த நால்வர் யார் என்பதை, மாதக் கடைசியில் கப்பலேறிச் சீமைக்குத் திரும்பவிருந்த மேனேஜர் முடிவு செய்வார். அப்பாவுக்கு நாற்பத்தாறு வயது. புதிதாக வேலை தேடிப் போகிற மதராஸிக்கு எந்த ஆபீஸிலும் நாற்காலி காலியாக இல்லாத வருடங்கள் தொடங்கிவிட்டிருந்தன. மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தில் மட்டும் இரண்டு வீட்டுக்காரர்கள், வேலை போனபின் காலை ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு காலரி என்கிற பொது வராந்தாவில் வெறுமனே நின்றார்கள்.

யோசனை சொன்னவன் ஆபீஸ் பியூன். வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து மேனேஜருக்கு வழக்கமான சிகார் கிடைப்பதில்லை, கிடைப்பது வாய்க்குப் பிடிப்பதில்லை, காலையிலிருந்தே எரிந்து விழுகிறார் என்றான். நல்லதாக ஒரு பெட்டி கொடுத்தால் மனிதர் முகத்தையாவது நினைவில் வைத்துக்கொள்வார் என்றான். அப்பா அன்று மாலை வீட்டில் அதைச் சொன்னபோது அம்மா மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"சுருட்டா? நம்மாத்துலயா?"

"நான் பிடிக்கறதுக்கு இல்லேடி. பிடிக்கறவாளுக்கு."

"எது நல்லது எது மட்டம்னு உங்களுக்கு என்ன தெரியும்? கத்திரிக்காயே சொத்தையாப் பாத்துப் பொறுக்கிண்டு வரேள்."

"பாய் இருக்காரே" என்றார் அப்பா.

பாய் அப்பாவின் ஒரே சிநேகிதர். திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். இருபது வருடங்களுக்கு முன் இருவரும் ஒரே ரயிலில், ஒரே பலகையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பம்பாய் வந்தவர்கள். அவர் தாராவியில் புகையிலையும் பீடியும் சுருட்டும் விற்றார். தோல் பதனிடும் கொட்டகைகளில் வேலை செய்த நம் ஊர்க்காரர்கள்தான் வாடிக்கை. முனிசிபாலிட்டிக்கு அவர் எழுத வேண்டிய இங்கிலீஷ் கடிதங்களை எல்லாம் அப்பா எழுதிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ரயில் பாலத்தைத் தாண்டி அங்கே போவார். இரண்டு மணி நேரம் பேசுவார்கள். வீட்டிலும் ஆபீஸிலும் அதிகம் வாய் திறக்காத அப்பா அங்கே சத்தம் போட்டுச் சிரிப்பார். கிளம்பும்போது பாய் என் கையில் ஒரு பெப்பர்மிண்ட் வைப்பார்.

விஷயத்தைக் கேட்டதும் பாய் கடைப்பையனை முன்னால் நிறுத்திவிட்டு எங்களைப் பின்பக்கம் அழைத்துப் போனார்.

"சாமி, மொதல்ல ஒண்ணு சொல்லுதேன். வெல ஒசந்ததெல்லாம் ஒசத்தின்னு நெனைக்காதீங்க. பேருக்குப் பாதி வெல, பெட்டிக்குப் பாதி வெல. நமக்கு வேண்டியது எல. உறையூர்ச் சரக்கு எங்கிட்ட வந்திருக்கு. நடு வெலதான். ஆனா பொறுக்கி எடுக்கணும்."

அப்பா நோட்டைத் திறந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"கருப்பா இருந்தா காட்டம், வெளுப்பா இருந்தா சாதுன்னு சொல்லுவானுவோ. சும்மா கத. அது மேல சுத்துன எலையோட நெறம். உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியுமா? மேலெலைல நரம்பு தடிச்சு நிக்கக்கூடாது. ஒரு முனைலேந்து மறுமுனை வர வெரலால தடவுங்க. எங்கயாச்சும் கட்டி தட்டுப்பட்டா, அங்க புகை அடைக்கும். பள்ளம் இருந்தா அங்க தீ ஓடிரும்."

பென்சில் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப அமுக்கிப் பாருங்க. லேசா உள்ள போவணும், விட்டா திரும்பி வரணும். இந்தா, இது மாதிரி" என்று என் காதுமடலைப் பிடித்து அப்பாவுக்குக் காட்டினார். அப்பா குனிந்து என் காதுமடலை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு அதையும் எழுதிக்கொண்டார்.

கடைசியில் பாய் ஒன்றைப் பற்றவைத்து நீட்டினார். அப்பா மறுத்தார். "பத்தவைக்காம எப்படி சாமி தெரியும்? நாளைக்கு உங்க தொர, இது எப்படி இருக்கும்னு கேட்டா, நோட்டப் பாத்தா சொல்லுவீங்க?" என்றார் பாய். அப்பா வாங்கி ஒரே இழுப்பாக நெஞ்சுக்குள் இழுத்தார். கண்கள் பிதுங்கின. சட்டைக்குள் பூணூல் துள்ளுகிற அளவுக்கு இருமினார்.

"அட, உள்ள இழுக்காதீங்கவே! வாயிலயே வச்சு வெளிய விட்டுரணும். இது பீடி இல்ல!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பா அப்படிச் சிரித்துப் பிறகு நான் பார்க்கவில்லை.

நான்கு பெட்டிகளைக் கொட்டி, ஒன்றரை மணி நேரம் ஒவ்வொன்றாக உருட்டி, முகர்ந்து, அமுக்கி இருபத்தைந்து சுருட்டுகளைப் பாய் எடுத்தார். ஒரே நீளம், ஒரே நிறம். சிறிய மரப்பெட்டி ஒன்றில் அடுக்கி, மூடிக்குள் ஈரத்துணி சுற்றிய ஒரு குச்சியைச் செருகினார். காற்றுப் படாமல், மழைத் தண்ணீர் படாமல் வைத்திருக்கச் சொன்னார். வெயிலில் வைக்காதே என்று அவர் சொல்லவில்லை. சுருட்டை வெயிலில் வைப்பார்கள் என்று எந்தப் புகையிலை வியாபாரிக்கும் தோன்றாது.

இங்கே என் அம்மாவின் ஊரைச் சொல்ல வேண்டும். அவள் கல்லிடைக்குறிச்சிக்காரி. அப்பளம் இடுவது அந்த ஊர்ப் பெண்களுக்குக் கைவந்தது. பம்பாய் மழைக்காலம் அவளுக்குத் தனிப்பட்ட விரோதி. டப்பாவில் அடைத்த அப்பளம் ஒரே வாரத்தில் நமுத்துப்போகும். கடை அப்பளத்தை எடுத்து வளைத்துப் பார்ப்பாள். அது ஒடியாமல் வளைந்தால், "நமுத்ததை எடுத்துத் தலையில கட்டிட்டான்" என்பாள். எங்கள் வீட்டில் எந்தப் பண்டத்துக்கும் சோதனை அதுதான். ஒடிந்தால் நல்லது, வளைந்தால் கெட்டது. மழை விட்டு ஒரு மணி நேரம் வெயில் அடித்தாலும் மிளகாய், வற்றல், அப்பளம், பருப்பு எல்லாம் மொட்டைமாடிக்குப் போகும். காவலுக்கு நான் போவேன்.

அந்த வாரம் புதனும் வியாழனும் அதிசயமாக வெயில் அடித்தது. மேனேஜர் வெளியூர் போயிருந்ததால் வெள்ளிக்கிழமைதான் கொடுக்க முடியும் என்று அப்பா சொல்லியிருந்தார். பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. எனக்குக் காலைப் பள்ளிக்கூடம். மதியம் வீட்டில் இருந்தவள், ஸ்டூல் போட்டு ஏறி அதை எடுத்துத் திறந்தேன். ஒரு சுருட்டை அமுக்கிப் பார்த்தேன். மெத்தென்று உள்ளே போனது. மூடிக்குள் இருந்த துணியோ ஈரமாகவே இருந்தது.

பாய் சொன்ன காதுமடல் எனக்கு நன்றாக நினைவிருந்தது. நான் அதை நம்பவில்லை. நமுத்த சரக்கை விற்கிற கடைக்காரர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று அம்மாவிடம் கற்றிருந்தேன். அப்பாவுக்குக் கத்திரிக்காயே வாங்கத் தெரியாது என்பதும் தெரிந்திருந்தது.

அப்பளத்துக்குப் பக்கத்தில் பழைய வேட்டி ஒன்றை விரித்து இருபத்தைந்தையும் வரிசையாக அடுக்கினேன். இரண்டு மதியங்கள் காய்ந்தன. இரண்டாம் நாள் சாயங்காலம் துணி எடுக்க வந்த அம்மா பார்த்துவிட்டு, "அதையும் போட்டியா? சமத்து" என்றாள். ஒன்றை எடுத்துத் தன் காதருகே உருட்டினாள். சலசலவென்று சத்தம் கேட்டது. "இப்பதான் பக்குவமா இருக்கு" என்றாள். ஈரத்துணியை அவள்தான் தூக்கி எறிந்தாள். பெட்டியில் பழையபடி அடுக்கி, மேல்தட்டில் வைத்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. வேலை நிலைத்தபிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை அப்பா சீக்கிரம் வந்துவிட்டார். பெட்டியும் கூடவே திரும்பி வந்தது. சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, டிக்டேஷனைத் திரும்பப் படிக்கிற குரலில் நடந்ததைச் சொன்னார். மேனேஜர் பெட்டியை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். அது நொறுங்கியது. மேலிலை மேஜைமேல் உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்துப் பற்றவைத்தார். அது காகிதம்போல் குப்பென்று பிடித்து, பொறி விழுந்து கீழே இருந்த ஃபைலில் ஓட்டை போட்டது. பியூன் ஓடிவந்து தண்ணீர் தெளித்தான். மேனேஜர் கோபிக்கவில்லை. மீதியை உங்கள் உபயோகத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியைத் தள்ளினார்.

"பெட்டியை யாராவது திறந்தேளா?" என்று கேட்டார் அப்பா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"யாரும் தொடலையே" என்றாள்.

நானும் தலையாட்டினேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதச் சம்பளம், சான்றிதழ், வாழ்த்து. அடுத்த ஞாயிறு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு தாராவிக்குக் கிளம்பினார். வழக்கம்போல் நானும் போனேன். மழை மறுபடி பிடித்துக்கொண்டிருந்தது.

பாய் எழுந்து வந்து, "என்ன சாமி, தொர என்ன சொன்னாரு?" என்றார். அப்பா பெட்டியைப் பலகைமேல் வைத்துத் திறந்தார். பாய் ஒரு சுருட்டை எடுத்தார். அமுக்கினார். அவர் முகம் மாறியது. முகர்ந்தார். இன்னொன்றை எடுத்து முகர்ந்தார்.

"இதுல வெயில் பட்டிருக்கே சாமி."

"அலமாரியில இருந்ததுக்கு வெயிலா, பாய்? இருபது வருஷமா உங்களை நம்பினேன். பழைய சரக்கை எனக்கே குடுத்துட்டேளே."

பாய் பதில் சொல்ல வாயெடுத்தார். அதே சமயம் அவர் விரல், சுருட்டுகளுக்கு நடுவில் எதிலோ தட்டியது. வெள்ளையாக, நகத்தளவு, சீரகம் ஒட்டிய ஓர் அப்பளத் துண்டு. அதை எடுத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் அந்தத் துண்டை மெதுவாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்பா அப்போது மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா சாமி" என்றார் பாய். "சரக்கு பழசுதான். நாந்தான் சரியாப் பாக்கல."

அப்பா குடையை விரித்தார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டார். அதன்பிறகு ரயில் பாலத்தை அவர் தாண்டவில்லை. பாய் இரண்டு முறை ஆள் அனுப்பினார். மூன்றாம் முறை அனுப்பவில்லை. அப்பாவும் ஒன்பது மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு காலரியில் நின்றார், மற்ற இருவருக்குப் பக்கத்தில். அவர்களோடு பேசவில்லை. அங்கேயே பதினோரு வருடம் நின்றார்.

அவர் வேலையைக் கெடுத்தவள் நான் என்ற நினைப்போடுதான் வளர்ந்தேன். அவர் போனபிறகு டிரங்குப் பெட்டியில் ஆபீஸில் கொடுத்த அந்தக் கடிதம் கிடைத்தது. அதில் இருந்த தேதி, நாங்கள் தாராவியில் சுருட்டு பொறுக்கிய ஞாயிற்றுக்கிழமைக்கு நான்கு நாள் முந்தியது. மேனேஜர் கையெழுத்துப் போட்டு மேஜைக்குள் வைத்துவிட்டுத்தான் வெளியூர் போயிருக்கிறார். சுருட்டு எப்படி இருந்தாலும் அந்த வேலை போயிருக்கும். சுருட்டால் போனது வேலை இல்லை. தேதியை அப்பாவும் படித்துத்தான் இருப்பார். அதன்பிறகும் அவர் பாலத்தைத் தாண்டவில்லை. அம்மாவிடம் நான் கடிதத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். தாராவிக்கு நான் போனபோது கடை இருந்த இடத்தில் சைக்கிள் ரிப்பேர் நடந்துகொண்டிருந்தது. பாய் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு நாங்கள் கிளம்பும்போது, பாய் பலகைக்கு மேல் குனிந்து வழக்கம்போல் என் உள்ளங்கையில் பெப்பர்மிண்ட் வைத்தார். ஒன்றுக்குப் பதில் இரண்டு. என் விரல்களை அவரே மூடிவிட்டார். தப்பு செய்தவர் சமாதானத்துக்குக் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பாலம் ஏறுவதற்குள் இரண்டையும் தின்றுவிட்டேன்.