ராக்கெட்டிலிருந்து இறங்கிய ஒயர்கள்

ஓசூரில் எங்கள் நிறுவனத்துக்கு ராக்கெட்டுக்கான ஒயர்க் கட்டுகள் செய்வதுதான் தொழில். எந்த ஒயர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. அதைக் கட்டி முடிப்பது, கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. சூட்டையும் அதிர்வையும் அளக்கும் சென்சார்களுக்கென்றே ஓடும் ஒயர்களின் எடையைப் பார்த்து இருவரும் பலமுறை மலைத்திருக்கிறோம். அத்தனையையும் ராக்கெட் சுமந்துகொண்டு மேலே போக வேண்டுமே! அந்த ஒயர்களை எடுத்துவிட்டு, அளவுகளை ரேடியோ அலையில் அனுப்ப முடியுமா என்று நிர்வாகம் கேட்டபோது நான்தான் முதலில் கை தூக்கினேன்.

"நாமளே கட்டுன ஒயர நாமளே கழட்டப் போறமா?" என்று அக்கா சிரித்தார்.

முதல் சோதனையிலேயே அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது. ராக்கெட்டின் ஒரு பகுதியைப் போலச் செய்த காலி உலோகக் கூட்டுக்குள், ரேடியோவில் பேசும் சென்சார்களைப் பொருத்தினோம். மேசைமேல் ஒழுங்காகப் பேசியவற்றில் சில, உள்ளே போனதும் வாயே திறக்கவில்லை. பெங்களூரிலிருந்து பார்க்க வந்திருந்த ஆய்வு அதிகாரி, "ஆகல்லம்மா" என்று, முடியாதெனக் கன்னடத்தில் சொல்லித் தலையாட்டிவிட்டுத் தமிழுக்கு வந்தார். "ஒயரே இருக்கட்டும். அத நம்பலாம்."

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், சென்சார்களின் அலையை வாங்கும் ரிசீவரைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டின் பக்கவாட்டுத் திறப்பு வழியாக உள்ளே தவழ்ந்தேன். அக்கா வெளியே திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வர்ல... வர்ல... இன்னுங் கொஞ்சம் தள்ளும்மா... ஆ, வந்துருச்சு! அய்யோ, போயிருச்சு!"

ஒரு சாண் நகர்த்தினால் வருகிறது. இன்னும் ஒரு சாண் போனால் மறைகிறது. சென்சார்களில் பழுதில்லை. உலோகச் சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கல்லூரியில் படித்ததுதான். வியர்த்துக் கொட்ட உள்ளே படுத்திருந்தபோதுதான் உறைத்தது. ஓரிடத்தில் கேட்காதது வேறோர் இடத்தில் கேட்கும்! எதிரெதிரே இரண்டு ரிசீவர்களை வைத்தோம். எல்லாச் சென்சார்களும் பேசின. அதிர்வு மேசையில் வைத்து உலுக்கியபோதும் பேசின.

அதிகாரி இறங்கிவந்தார். ஆனாலும் ஒரு நிபந்தனை வைத்தார். "இந்தத் தடவ ஒயரும் போகட்டும், ரேடியோவும் போகட்டும். ரெண்டையும் ஒத்துப் பாக்கலாம்."

ராக்கெட் கிளம்பிய காலையில் மொத்த ஷிப்டும் கேன்டீன் டிவி முன்னால் கூடியிருந்தது. அது மேகத்துக்குள் போனபோது எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. எங்கள் ரேடியோ இன்னும் ஜெயிக்கவில்லையே.

மதியம் அதிகாரியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஒயர் சொன்னதத்தான் உங்க ரேடியோவும் சொல்லிருக்கு. ஒண்ணுகூட விடல. அடுத்த ராக்கெட்ல ஒயர எடுத்துருங்கம்மா."

"ஸ்தோத்திரம் ஏசப்பா!" என்று கத்தியபடி அக்கா என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலுமாகக் கூச்சல் எழுந்தது. அந்தச் சத்தத்தில் அதிகாரி அதன் பிறகு சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.