மீட்டர்காரர் கொண்டுபோன ரொட்டிக் குறிப்பு

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருப்பவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. மின்சார அலுவலகத்தில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவர் என்பதால் எல்லோருக்கும் மீட்டர்காரர். அவர் மனைவி ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அதனாலோ என்னவோ, எந்தப் பேச்சிலும் பிரேக் அவர் காலடியில்தான் இருக்கும். நான் அவர்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடி.

அவர்கள் வீட்டுக்கு ஓவன் வந்தது ஒரு சூப்பர் மார்க்கெட் குலுக்கலில். பரிசு விழுந்த சந்தோஷம் இரண்டு நாள் இருந்தது. அதன்பிறகு ஒரு வருஷம் அதன் தலையில் குடையும் பழைய செய்தித்தாளும்தான் உட்கார்ந்திருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர்காரருக்குத் திடீரென்று தொழில்புத்தி எட்டிப் பார்த்தது. இந்தப் பெட்டி ஒரு மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் தின்னும்? குடையை இறக்கி வைத்துவிட்டு ஓவனைப் போட்டார். கையில் கடிகாரத்தோடு வாசலுக்குப் போய் மீட்டர் முன்னால் நின்றுகொண்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "என்னங்க, வெறும் பெட்டியையா சூடு பண்றீங்க?"

"கணக்குப் பாக்கறேன்."

"சும்மா காயறதுக்கு, உள்ள ஏதாவது வெச்சுத்தான் கணக்குப் பாருங்களேன். டீயோட சாப்பிட இனிப்பு ரொட்டின்னா எனக்குப் பிடிக்கும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. முதல் ரொட்டியின் ஒரு துண்டு எனக்கும் வந்தது. மரியாதைக்காக வாயில் வைத்துக்கொண்டேனே தவிர, பல்லைப் பணயம் வைக்கத் துணியவில்லை. அவர் மனைவி அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க. இதை டயருக்கு அடியில முட்டுக் குடுத்தா, மேட்டுல நிறுத்தின வண்டி கூட நகராது."

மீட்டர்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் மனசுக்குள் ஒரு வீம்பு உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வாரம் மூன்றாம் தெருவில் ரீடிங் எடுக்கும் முறை. அங்கே ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற டிராயிங் டீச்சர் தனியாக இருக்கிறார். மீட்டர் சமையலறைக் கதவுக்குப் பின்னால். உள்ளே நுழைந்ததுமே வெண்ணெயும் சர்க்கரையும் கருகாமல் சிவக்கிற வாசனை. எண்ணைக் குறித்துக்கொண்ட பிறகும் மீட்டர்காரர் நகரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? தப்பா நினைக்கக் கூடாது."

"என்ன, யூனிட் ஏறிடுச்சா?"

"யூனிட் ஏறலை. எங்க வீட்ல ரொட்டிதான் ஏற மாட்டேங்குது."

டீச்சர் கண்ணாடி வழியே அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாலை எப்படி ஊத்தினீங்க?"

"கொதிக்கக் கொதிக்க."

"அடப்பாவமே! ஈஸ்ட் உசுரு உள்ள சமாச்சாரங்க. அதை உசுரோட வேக வெச்சிருக்கீங்க. சுண்டு விரலை விட்டா பால் சுடவும் கூடாது, ஜில்லுன்னும் இருக்கக் கூடாது."

டீச்சர் அவர் கையிலிருந்த ரீடிங் சீட்டை வாங்கி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அரை கிலோ மைதா. கால் லிட்டர் வெதுவெதுப்பான பால். ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டி. சர்க்கரை எண்பது கிராம், வெண்ணெயும் அதே அளவு. முட்டை ஒன்று. உப்பு ஒரு தேக்கரண்டி, தலைதட்டி. ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. அதைப் பால் சேர்க்காத கடுந்தேநீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் பிழிந்துகொள்ள வேண்டும். மாவு கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவு தூவக் கூடாது. பத்து நிமிஷம் விடாமல் பிசைந்தால் ஒட்டுவது தானாக நிற்கும். ஈரத்துணி போட்டு மூடி, இரண்டு மடங்கு ஆகும்வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. பிறகு உருட்டி அச்சில் வைத்து இன்னும் முக்கால் மணி நேரம். நூற்று எண்பது டிகிரியில் முப்பத்தைந்து நிமிஷம். டிராயிங் டீச்சர் அல்லவா? மாவு எவ்வளவு உப்பியிருக்க வேண்டும் என்பதை ஓரத்தில் படமாகவே போட்டுக் காட்டியிருந்தார். கடைசி வரி இது: "வெளியே எடுத்ததும் கவிழ்த்து, அடியில் கதவைத் தட்டுவதுபோலத் தட்டி, 'உள்ளே யாராவது இருக்கீங்களா?' என்று கேட்கவும். காலி வீடு மாதிரி சத்தம் வந்தால் வெந்துவிட்டது."

அந்த ஞாயிற்றுக்கிழமை ரொட்டி உப்பியது. முன்பு தந்த துண்டுக்கு ஈடாக எனக்கு அரை ரொட்டியே கிடைத்தது. மீட்டர்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சீட்டை நகல் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, அடுப்பங்கரையில் ஓவன் கண்ணில் பட்ட வீடுகளுக்கெல்லாம் கொடுத்தார். அவர்களும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. ஆறாம் தெரு சைக்கிள் கடைக்காரர், மாவுக்குள் ஆப்பிளை வைத்துச் சுடும் 'பை' என்ற பலகாரத்தின் அடி நசநசவென்று ஆகாமலிருக்க ஒரு வழி சொன்னார்: மாவுத் தட்டின்மேல் ஒரு ஸ்பூன் ரவை தூவி அதன்மேல் பழத்தைப் பரப்ப வேண்டும், அந்தப் பலகாரத்தை மேல் தட்டில் வைக்காமல் கீழ்த் தட்டில், முன்கூட்டியே சூடேற்றிய தகட்டின்மேல் வைக்க வேண்டும். அதையும் மீட்டர்காரர் தெருத்தெருவாகக் கொண்டுபோனார். கரண்ட் கம்பி போகாத இடத்துக்கும் அவர் குறிப்பு போயிற்று.

ஏழாம் தெருவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை உண்டு. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. கடைக்கார அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, கலகலப்பானவர். மீட்டர்காரர் நீட்டிய சீட்டை வாங்கிச் சிரித்துக்கொண்டே படித்தவர், கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"இதை யாரு குடுத்தா?"

"மூணாம் தெருவுல ஒரு டிராயிங் டீச்சர், அக்கா."

"தட்டிப் பாத்து உள்ள யாருன்னு கேக்கறது எங்க அம்மா பேச்சு." சீட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். "அந்த டீச்சர் என் கூடப்பிறந்த அக்கா. நாங்க பேசி ஒன்பது வருஷம் ஆச்சு."

மீட்டர்காரர் திருதிருவென்று விழித்தார். ஊர்வம்பைத் தேடிப் போகிறவர் அல்ல அவர். ஆனால் தேடி வந்ததை விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை.

விஷயம் இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன் இந்தக் கடையைத் திறந்த அன்று, வந்தவர்களுக்குக் கொடுக்க இவர் தன் கையாலேயே இந்த ரொட்டியைச் சுட்டிருக்கிறார். அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கூட்டத்துக்கு நடுவே சத்தமாக, "நடுவுல வேகலையேடி!" என்றிருக்கிறார். அவ்வளவுதான்.

"உண்மையிலேயே வேகலையா?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"வேகலைதான்! அதுக்காக நூறு பேரு முன்னாடி சொல்லணுமா?"

கிளம்பும்போது கடைக்கார அம்மா கூப்பிட்டு நிறுத்தினார். "உங்க டீச்சர்கிட்ட சொல்லுங்க. அம்மா ஆரஞ்சுத் தோலும் துருவிப் போடுவாங்க. அதை எழுத மறந்துட்டா. எப்பவுமே அவளுக்கு ஞாபக மறதி."

இரண்டு மாதம் கழித்து அடுத்த ரீடிங். டீச்சரிடம் சொன்னார். டீச்சரின் முகம் சிவந்தது. கோபமா வேறு எதுவுமா என்று இவருக்குப் புரியவில்லை. "அவ சொன்னாளா? தோலுக்கு அடியில இருக்கற வெள்ளையையும் சேத்துத் துருவினா கசக்கும்னு சொல்லுங்க. அவளுக்கு எதுலயும் அவசரம்." அதற்கு இரண்டு மாதம் கழித்து ஏழாம் தெருவிலிருந்து பதில் வந்தது: "நான் துருவறதுல வெள்ளை விழாது. அவளை முதல்ல கண்ணைச் செக் பண்ணிக்கச் சொல்லுங்க. இன்னும் அந்தப் பழைய பவர்தான் போட்டுக்கிட்டுத் திரியறாளாம்." இப்படி ஒரு வருஷம் ஓடியது. நடுவில் மூன்று தெரு. நடந்தால் பத்து நிமிஷம். ஒரு கேள்விக்குப் பதில் வர இரண்டு மாதம்.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் தானாகவே ரீடிங் அனுப்புகிற புது மீட்டர்களைப் பொருத்தினார்கள். மீட்டர்காரரைப் புகார் எடுக்கும் போனில் உட்காரவைத்தார்கள். அவருக்கு வருத்தமில்லை; வெயிலில் அலைய வேண்டாமே. ஆனால் இரண்டாம் வாரமே போன் வந்தது.

"கரண்ட் இல்லீங்களா?" என்றார் வழக்கம்போல.

"கரண்ட் எல்லாம் இருக்கு. நான் டீச்சர் பேசறேன். அவகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

ஒரு மணி நேரத்தில் கண்ணாடிக் கடையிலிருந்தும் போன். அன்று மாலை வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்: "ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்கு வரச் சொல்லப் போறேன். ரொட்டி போட."

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறீங்க."

"ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தரைக் கூப்பிட மாட்டேன். அந்த ஏமாத்து வேலை வேண்டாம். அவங்களும் வராங்கன்னு சொல்லியே கூப்பிடறேன்."

அப்படியே செய்தார். இருவரும் ஒரே பதில் சொன்னார்கள்: "அவ வந்தா நான் வர மாட்டேன்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு என்று அழைத்திருந்தார். ஒன்பதரைக்கு நான் குப்பைப் பையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் மாடித் திருப்பத்தில் இரண்டு பெண்கள், கையில் ஆளுக்கொரு மூடிய டப்பாவோடு, ஒருவரையொருவர் பார்த்தபடி அசையாமல் நின்றிருந்தார்கள். முதலில் போய் இடம் பிடிக்க வேண்டும் என்று இருவரும் அரை மணி நேரம் முன்பாகவே கிளம்பியிருக்கிறார்கள்.

"வழிய விடறியா?" என்றார் இளையவர்.

"நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறேன். நீ போ."

"டப்பாவக் குடு. அதையும் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்கினா?"

டீச்சர் கொடுக்கவில்லை. டப்பாவை என்னிடம் கொடுத்தார்! நான் குப்பையை அங்கேயே வைத்துவிட்டு, எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும் என்ற பொதுநல நோக்கோடு பின்னாலேயே போனேன்.

சமையலறையில் இரண்டு பேர் நின்றாலே இடிக்கும். அன்று ஐந்து பேர். அக்கா பிசைந்தார், தங்கை தோல் துருவினார். பேச்செல்லாம் மீட்டர்காரர் வழியாகத்தான். "மாவு போதும்னு சொல்லுங்க." "எனக்குக் கண்ணு தெரியும்னு சொல்லுங்க." நடுவில் அவர் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டிருந்தது. மனைவி அவருக்கு மட்டும் கேட்கும்படி, "இண்டிகேட்டரைப் போட்டுட்டுத் திரும்புங்க," என்றார்.

ரொட்டி ஓவனுக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். பட்டென்று விளக்கு அணைந்தது. ஓவனும் அணைந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

மீட்டர்காரர் தன் அலுவலகத்துக்கே போன் போட்டார். அவர் பழக்கிவிட்ட இளைஞன்தான் எடுத்தான். "உங்க கனெக்‌ஷன் நம்பர் சொல்லுங்க சார்."

"தம்பி, நான்தான்ப்பா பேசறேன்!"

"நீங்கன்னாலும் நம்பர் வேணும் சார். யாரா இருந்தாலும் முதல்ல நம்பரைக் கேளுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ இப்படித்தான் சிரிப்பா, சத்தமே வராது," என்று என்னிடம் சொன்னார்.

ஓவன் கதவைத் திறக்கக் கூடாது, உள்சூடு போய்விடும் என்று டீச்சர் உத்தரவு போட்டார். நாற்பது நிமிஷம் எல்லோரும் அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் செய்ய வேலை எதுவும் இல்லை. டீச்சர்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்குக் கடையில... வாய் முந்திடுச்சு. அம்மா இருந்திருந்தா என் வாயிலயே ஒண்ணு போட்டிருப்பாங்க."

"நூறு பேரு."

"எண்பதுதான்டி இருக்கும்."

"நூறு! நான் அழைப்பு அனுப்பினவ, எனக்குத் தெரியாதா?"

"சரி, நூறு." டீச்சர் விட்டுக்கொடுத்தார். தங்கை நாற்காலியைக் கொஞ்சம் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கரண்ட் வந்தது. மறுபடி சூடேற்றி, கால் மணி நேரம் கழித்து ரொட்டியை எடுத்தார்கள். மேலே நல்ல நிறம். ஆறுவதற்குள் மீட்டர்காரர் அவசரப்பட்டு வெட்டிவிட்டார். நடுவில் விரல் அகலத்துக்குப் பச்சை மாவு பிசுபிசுவென்று நின்றது. எல்லோரும் டீச்சரின் முகத்தைப் பார்த்தோம். அவர் நடுத்துண்டையே எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"பொய்," என்றார் தங்கை. "நடுவுல வேகலை."

"உனக்கு வேகலை. எனக்கு வெந்திருக்கு."

தங்கை அக்காவின் கையிலிருந்த மிச்சத்தைப் பிடுங்கித் தானும் தின்றார். நாங்கள் ஓரங்களைச் சாப்பிட்டோம். ஓரங்கள் உண்மையிலேயே பிரமாதம்.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிறு காலைகளில் இரண்டாம் மாடியில் இப்போது ஏழெட்டுப் பேர் கூடுகிறார்கள். சைக்கிள் கடைக்காரரும் வருவதுண்டு. இடம் போதாமல் இரண்டு நாற்காலி என் வீட்டிலிருந்து இறங்கியிருக்கிறது. சகோதரிகள் ஆரஞ்சுத் தோலில் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் சண்டைக்குத் தூது தேவைப்படுவதில்லை. நேருக்கு நேர் போட்டுக்கொள்கிறார்கள்.

டீச்சருக்கு மூட்டுவலி வந்து நடக்கச் சிரமமானதும், தங்கை யாரிடமும் சொல்லாமல் மீட்டர்காரரின் மனைவியிடம் போய்க் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். ஐம்பத்தொன்பது வயதில் முதல் பாடம். இரண்டு முறை தேர்வில் தோற்று, போன மாதம் மூன்றாவது முறை தேறினார். அடுத்த ஞாயிறு ஒரு பழைய நீலக் கார் மெதுவாக, மிக மெதுவாக, எங்கள் தெருவில் நுழைந்தது. பின் சீட்டில் டீச்சர், மடியில் ஆப்பிள் பலகார டப்பாவோடு, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வருகிறவர்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நடைபாதையை ஒட்டிச் சரியாக நின்றது. மீட்டர்காரரின் மனைவி பால்கனியிலிருந்து கை தட்டினார்.

"ஹேண்ட்பிரேக் போடுடி," என்றார் டீச்சர்.

"போட்டாச்சு. நீ டப்பாவ சாய்க்காம இறங்கு."