பாலோடு விழுங்கிய மாத்திரை

டைல்ஸ் ஒட்டும் அந்த மனிதரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். தரை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயர் அது. டீக்கடையில் உட்கார்ந்தாலும் மேஜை ஆடுகிறதா என்று பார்த்து, அட்டையை மடித்து அதன் காலுக்கடியில் செருகிவிட்டுத்தான் டீயைத் தொடுவார். அக்கம்பக்கத்தில் பாதி வீட்டுத் தரை அவர் முட்டி போட்டு ஒட்டியது. சொந்த வீட்டு அடுப்படி மட்டும் வெடித்துப்போன சிமெண்டுத் தரை. மனைவி கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் கேட்பதை நிறுத்தினாள். முகம் கொடுத்துப் பேசுவதையும் நிறுத்தினாள். சாப்பாடு வரும், பேச்சு வராது.

இந்த லட்சணத்தில்தான் உடைந்த டைல்ஸ் சில்லு ஒன்று அவர் முட்டியில் ஏறியது. மனுஷன் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். ஆறிவிட்டது என்றார். எங்கே ஆறியது? சீழ் மூட்டுக்குள் இறங்கி எலும்பைத் தொட்டுவிட்டது. மருத்துவமனையில் கீறிக் கழுவி, ஊசி போட்டு, பிறகு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு டாக்டர் பூசி மெழுகவில்லை.

"இந்த மாத்திரை கேட்டா பிழைச்சீங்க. கேக்கலைன்னா மூட்டை அசையாம இறுக்கிடணும். அப்புறம் கால் மடங்காது."

முட்டி போட்டே பிழைக்கிறவருக்குக் கால் மடங்காது என்றால் என்ன அர்த்தம்? மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. எலும்பில் நோய் என்றால் எலும்புக்கு வலு கொடுக்க வேண்டாமா? மாத்திரை வேளை வந்தால் சுண்டக் காய்ச்சிய பாலோடு வந்து நின்றாள். கூடவே ஒரு கால்சியம் மாத்திரை, அது நாத்தனார் உபயம். ரசமட்டத்துக்குப் பாலைக் கண்டாலே குமட்டும். ஆனால் எத்தனையோ காலம் கழித்து, "சூடா இருக்கு, மெதுவா குடிங்க" என்று பக்கத்தில் ஒரு குரல் கேட்கிறதே! அதற்காக விஷத்தையே குடிக்கலாம், பால் என்ன பிரமாதம்? கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

வீக்கம் இறங்கவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். வயிறு எரிந்தது. அவள் சும்மா இருப்பாளா? பாலின் அளவைக் கூட்டினாள். டாக்டர் இன்னும் கூட்டினார். அவளும் விடவில்லை, வயிற்றெரிச்சலுக்கென்று கடையில் வெள்ளை மருந்து வாங்கி அதையும் ஊற்றினாள். இரண்டு பேரும் அவர் நல்லதுக்குத்தான் மல்லுக்கட்டினார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட முட்டிதான், பாவம், பூசணிக்காயாக வீங்கிக் கிடந்தது.

கடைசியில் டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்த்துவிட்டு முகம் சிவந்தார்.

"மருந்து பேருக்குத்தான் இருக்கு. உண்மையைச் சொல்லுங்க, மாத்திரையை எங்க தூக்கிப் போடுறீங்க?"

ரசமட்டம் வாயைத் திறப்பதற்குள் மனைவி பொங்கிவிட்டாள். "யாரைப் பாத்து என்ன பேசுறீங்க டாக்டர்? ஒரு வேளைகூடத் தவறினதில்ல. நானே பக்கத்துல நின்னு, டம்ளர் நிறையப் பால் கொடுத்து முழுங்க வைக்கிறேன். கால்சியமும் சேத்துத்தான் கொடுக்கிறேன்!"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பாலா?"

பால், கால்சியம், அந்த வெள்ளை மருந்து எல்லாமே இந்த மாத்திரையை வயிற்றிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது என்று விளக்கினார். "மருந்துக்கடையில சொல்லியிருப்பாங்களே?"

"டாக்டர் சொல்லியிருப்பாருன்னு அவங்க நினைச்சிருப்பாங்க," என்றார் ரசமட்டம்.

டாக்டர் இருமினார். பழைய அளவையே திரும்ப எழுதி, வெறும் தண்ணீரில் விழுங்கச் சொன்னார். வழி நெடுக மனைவி அழுதாள். "நானே உங்க காலைக் கெடுக்கப் பாத்தேனே!"

"விடு. நீ பேசினியே, அது போதும்."

தண்ணீரோடு விழுங்கியதும் மாத்திரை வேலையைக் காட்டியது. வீக்கம் வடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கால் மடங்கியது. மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்ன அன்று மனைவி தண்ணீர் கொண்டுவருவதும் நின்றது. பழக்கதோஷத்தில் காத்திருந்த ரசமட்டம், "தண்ணி?" என்று குரல் கொடுத்தார்.

"அதான் கால் மடங்குதே. எழுந்து வந்து மொண்டுக்குங்க," என்றாள் அடுப்படியிலிருந்து.

போனார். வெடித்த சிமெண்டு காலை இடறியது. இதே தரையில் நின்றுதானே இவள் இத்தனை நாளும் பால் காய்ச்சினாள்! அவருக்கு வெட்கமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக முட்டி போட்டார்.

"ஐயையோ, என்ன பண்றீங்க?"

"மட்டம் பாக்கணும். அந்தக் கருவியை எடுத்துட்டு வா."

கொண்டுவந்தாள். ஒரு கையில் கருவி, இன்னொரு கையில் டம்ளர் நிறையப் பால்.

"இப்பத்தான் மாத்திரை இல்லையே, பால் குடிக்கலாம்ல?" என்றாள்.

முட்டி போட்டபடியே வாங்கி, ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.