ஹன்னாவின் காதில் கட்டில்லை

முகம்மது கனி ஒன்றைக் கட்டினால் அது அவிழாது. சூலியா ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் இருபத்திரண்டு வருடமாகப் பொட்டலம் மடிக்கிறார். அவர் மடித்த சோற்றை மோட்டார் சைக்கிளில் தொங்கவிட்டுப் கடல் பாலம் தாண்டி அக்கரையில் பிறை ஊர் வரை போகலாம். ஒரு சொட்டுக் குழம்பு வெளியே வராது. அரசாங்கம், பள்ளிக்கூடம், மாப்பிள்ளை எல்லாவற்றையும் அவர் ஒரே அளவுகோலால்தான் அளப்பார்: இறுக்கம் போதுமா?

அப்பேர்ப்பட்டவர் ஆஸ்பத்திரி வார்டில் கட்டிலைச் சுற்றி வந்து தேடினார். ஏழு வயது மகள் ஹன்னாவுக்குக் காதில் நாள்பட்ட சீழ். காதுக்குப் பின்னால் அறுத்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். தையலின் மேல் கொஞ்சம் பஞ்சு, ஒரு பிளாஸ்டர்.

"கட்டு எங்கே?" என்று மனைவி நோர்மாவிடம் கேட்டார்.

"அதான் கட்டு."

"ரெண்டு உருளைக்கிழங்கு பெர்கெடில் வாங்குறவனுக்கே நான் இதைவிட நல்லா கட்டிக் கொடுப்பேன்லா."

டாக்டர் பெவர்லி வந்ததும் அவரையும் கனி விடவில்லை. "என் தம்பிக்கு இதே ஆபரேஷன் செஞ்சப்போ ஒரு வாரம் தலைப்பாகை மாதிரி கட்டியிருந்தாங்களே டாக்டர்?"

"அப்போ அப்படித்தான் அண்ணே. இறுக்கிக் கட்டினாலும் கட்டாட்டியும் ரத்தம் தேங்குறதுல பெருசா வித்தியாசம் இல்ல. பிள்ளைங்களுக்கு அரிப்பும் தலைவலியும்தான் மிச்சம். தினமும் காதைப் பாருங்க. வீங்கினா உடனே கூட்டிட்டு வாங்க."

கனி தலையாட்டினார். ஒத்துக்கொண்டார் என்று அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்த அன்றே பக்கத்து வீட்டு ஹபீபா பீவி ஆப்பிளோடு வந்து, ஹன்னாவின் தலையை இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுட்டாங்களா தம்பி?" என்றார்.

அதோடு கனியின் பொறுமை போயிற்று. நோர்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போன நேரத்தில் கனி கையை மூன்று தரம் கழுவினார். பார்மசியில் வாங்கிய பேண்டேஜை எடுத்து மகளின் தலையைச் சுற்றி ஏழு சுற்று சுற்றினார். திரும்பி வந்த நோர்மா, "டாக்டர் சொன்னாங்களா?" என்றார். "இதுக்கெல்லாம் சொல்லணுமா?" மாலையில் மறுபடி எட்டிப்பார்த்த ஹபீபா பீவிக்குக் கண் கலங்கியது, திருப்தியாக.

மறுநாள் ஹன்னா சாப்பிடவில்லை. "வலிக்குது அத்தா."

"கட்டு வேலை செய்யுதும்மா."

அதற்கடுத்த நாள் காலையில் வாந்தி எடுத்தாள். அப்புறம் அழவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏழு சுற்றையும் பிரித்தார். கனி எட்டிப் பார்த்தார். காதுக்குப் பின்னால் தோல் நாவல்பழ நிறத்தில் உப்பியிருந்தது. கட்டுக்குள் மடங்கிக் கிடந்த காதின் விளிம்பு கறுத்திருந்தது.

"எப்போ வீங்க ஆரம்பிச்சுச்சு?"

யாருக்கும் தெரியவில்லை. யார் பார்த்தது?

"இது ரத்தத்தை நிறுத்தல அண்ணே," என்றார் டாக்டர், பேண்டேஜைத் தட்டில் போட்டபடி. "உங்க கண்ணைத்தான் மறைச்சிருக்கு."

இரண்டு தையலைப் பிரித்துத் தேங்கிய ரத்தத்தை எடுத்தார்கள். கேட்கும் திறனுக்குப் பாதிப்பில்லை. விளிம்பில் அரிசி அளவு தோல் உதிரும், வடு நிற்கும் என்றார்கள்.

நர்ஸ் புதிய பிளாஸ்டரோடு வந்து, "அப்பா, பிள்ளை தலையைக் கொஞ்சம் பிடிங்க," என்றார்.

கனி கையை நீட்டினார். ஹன்னா தன் உள்ளங்கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அத்தா வேணாம். அம்மா பிடிக்கட்டும்."