இடப்பக்கத்து முள்

ரோடோப்பி மலையடிவாரத்து அருங்காட்சியகத்தில் பூச்சிப் பெட்டிகள் நெவேனாவின் பொறுப்பு. பிறர் வைத்த பெயர்களை எழுதி ஒட்டியே அவளுக்கு நடுவயது வந்துவிட்டது. தானே பெயர் வைக்க வாய்த்தது, இலைச்சாறு உறிஞ்சும் ஒரே ஒரு தத்துப்பூச்சிக்குத்தான்.

அதைப் பிடித்தவர் ஓய்வுபெற்ற வனக்காவலர் காமென். பாறைச் சரிவில் ஜூனிப்பர் புதரைத் தட்டியபோது வலையில் விழுந்தது. அரிசிக் குருணை அளவு, வைக்கோல் நிறம், நெற்றியில் இரண்டு கரும்புள்ளி, பின்னங்காலில் சீப்புப் பல் போல முட்கள். இதே தோற்றத்தில் ஏற்கெனவே ஓர் இனம் உண்டு. ஆணின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். கிடைத்ததோ ஒரே ஆண்.

நெவேனா அதன் வயிற்றைக் காரநீரில் காய்ச்சி, சதை கரைந்ததும் ஊசிமுனையால் உறுப்பைப் பிரித்தாள். பழைய இனத்துக்கு உறுப்பின் நுனியில் இருபுறமும் முள் உண்டு. இதற்கு வலப்புறம் மட்டும். புது இனம் என்று ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதி, பூச்சிக்குக் காமெனின் பெயரை வைத்தாள்.

அன்றிலிருந்து காப்பிக்கடையில் காமெனுக்குக் கேலிதான்.

"என்ன பூச்சி, இன்னிக்கு எந்த இலையில சாறு குடிச்ச?" என்பார் கடைக்காரர் ஸ்தோயில்.

"உன் காப்பிக்கு இலைச்சாறே தேவலை" என்று சொல்லிவிட்டு, காமென் நெவேனாவுக்கும் சேர்த்துக் காப்பி சொல்வார்.

கட்டுரை அச்சுக்குப் போகுமுன் ஆய்விதழ்க்காரர்கள் இடப்பக்கப் படமும் கேட்டார்கள். நெவேனா உறுப்பைத் திருப்பி வைத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். இடப்பக்கம் வழவழப்பாக இல்லை, பிசிறாக இருந்தது. உறுப்பைப் போட்டுவைத்த சிறுகுப்பியின் கிளிசரினைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்தாள். ஓரத்தில் பழுப்பாக ஒரு முள் கிடந்தது. அவளுடைய ஊசி ஒடித்த முள்.

துணியால் ஒரு துடை துடைத்தால் போதும். துணியைக் கையில் எடுத்தும்விட்டாள். பிறகு அதை வைத்துவிட்டு, காமென் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"காமென் அண்ணே, அது புது இனம் இல்ல. என் ஊசி பட்டு முள்ளு ஒடஞ்சிருக்கு."

அவர் நிமிரவில்லை. "அப்போ அதுக்கு என்ன பேரு?"

"எப்பவோ ஒரு ஜெர்மன்காரர் பேரை வெச்சிருக்காங்க."

"அந்த ஆளு நம்ம சரிவுல ஏறினாரா?"

"இல்லண்ணே."

செடியைக் குச்சியோடு சேர்த்துக் கட்டிய கயிற்றை இறுக்கினார். முடிச்சு நழுவியது. "வெளிய தெரியாம விட்டுட முடியாதா தாயி?"

"என்னிக்காவது யாராவது இன்னொரு ஆணைப் பிடிப்பாங்க. அதுல ரெண்டு முள்ளு இருக்கும்."

"அதுக்குள்ள நான் போய்ச் சேந்திருப்பேன்" என்றார், சிரிக்காமல். முடிச்சை மறுபடி போட்டுவிட்டு, "கடையில நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து சொல்லு" என்றார்.

மறுநாள் காலையில் அவள் போய்ச் சொன்னாள், தவறு தன்னுடையது என்பதையும் சேர்த்து. ஸ்தோயில் கேலி செய்ய வாயெடுத்தவர், காமெனின் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். காமென் தன் கோப்பையைக் கலக்கிக்கொண்டே இருந்தார். நெவேனா எதிரே உட்கார்ந்தாள். அவளுக்குக் காப்பி சொல்ல அவர் அன்று கையை உயர்த்தவில்லை.