ரோஸ்லின் மதினியின் வலது கன்னம்

ரோஸ்லின் மதினி போய்விட்டார்.

நேற்று காலை நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர்... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ராதாபுரம் தாண்டி, கடற்கரையில் இருக்கும் அவர் ஊரில் அடக்கம் முடித்துவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன்.

மதினி என்கிறேனே தவிர, என் அண்ணனைக் கட்டிக்கொண்டவர் இல்லை. கட்டிக்கொண்டிருக்க வேண்டியவர். அது ஒரு கூத்து.

அண்ணனுக்குப் பெண் பார்க்க அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். டீத் தட்டோடு வந்து நின்றவரைப் பார்த்ததும் எல்லோர் கண்ணும் அவர் கன்னத்துக்குப் போனது. இடது கன்னம் வழுவழுவென்று இருக்கிறது, வலது கன்னம் முழுக்கப் பரு!

எங்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "என்னம்மா, ஒரு பக்கம் மட்டும் இப்படி?" என்று கேட்டே விட்டாள்.

"பார்மசி காலேஜ்ல ஆராய்ச்சி பண்ணுதேன் ஆன்ட்டி. திருநீற்றுப்பச்சை எண்ணெய வச்சு, பரு மேல ஒட்டுத பேட்ச் செய்யுதேன். இடது பக்கம் மருந்து வச்ச பேட்ச், வலது பக்கம் மருந்து இல்லாத வெறும் பேட்ச். ரெண்டு பக்கமும் மருந்த ஒட்டிட்டா, எதுல கொறஞ்சுதுன்னு எப்படித் தெரியும்?"

அடுப்படியிலிருந்து அவர் அம்மா பொருமினார். "ஒரு மாசமா கெஞ்சுதேன்... மாப்பிள்ள வீட்டுக்காரவ வாராவ, அந்தப் பக்கமும் மருந்த ஒட்டிக்கோட்டின்னு. கேட்டாத்தானே!"

"பாதியில விட்டா செஞ்சதெல்லாம் வீணாப் போயிரும்லாம்மா," என்றார் மதினி. எங்கள் முன்னாலேயே. டீ ஆறிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது காரில் அம்மா அண்ணனிடம் கேட்டாள், "பிள்ள நல்லாத்தான் பேசுதா. ஆனா கல்யாண போட்டோவுல எந்தப் பக்கம்லே நிக்க வைப்ப?" அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

எனக்கோ இரண்டு கன்னத்திலும் பரு. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு, வெளியே தலைகாட்டக் கூசி வீட்டில் கிடந்தேன். அண்ணன் வேண்டாம் என்ற பெண்ணின் நம்பரை நான் தேடி வாங்கினேன்... பேட்ச் கேட்கப் போனவள் அவர் காலேஜ் லேபிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

"எந்த வழியிலம்மா இவங்க உனக்கு மதினி?" என்று லேபில் எல்லோரும் கேட்பார்கள். "பரு வழியில," என்பார் மதினி.

லேபில் ஒரு மெஷின். ஊசி முனையிலிருந்து வரும் கரைசலை கரண்ட் இழுத்து, சிலந்தி நூலை விடவும் பல மடங்கு மெல்லிய இழையாக்கும். அந்த இழை படிந்து படிந்து வெள்ளைத் துணி மாதிரி வரும். அதை வெட்டினால் பேட்ச்.

காற்றில் ஈரம் இருந்தால் இழை வராது. அதனால் "ஜன்னல்ல யாராச்சும் கை வச்சீங்க, தொலச்சிருவேன்" என்று மிரட்டி வைத்திருந்தார்.

ஜூன் மாதம் ஒரு நாள், அதுவரை அனலாக இருந்த காற்று சட்டென்று குளிர்ந்தது. மலைப் பக்கம் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. திருநெல்வேலிக்காரர்கள் நாங்கள் அந்தக் காற்று வந்தால் என்ன செய்வோம்? மதினியே ஓடிப்போய் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். மெஷின் அது பாட்டுக்கு ஓடுகிறது!

இழைக்குப் பதில் சொட்டுச் சொட்டாக விழுந்து, ரவைக் கஞ்சி மாதிரி ஆகிவிட்டது. "சாரல் காத்து வே... திறக்காம எப்படி இருக்க?" என்று சிரித்துக்கொண்டே துடைத்தார். அன்று முழுக்க வேலை ஓடவில்லை, யாருக்கும் வருத்தமும் இல்லை.

பிறகு முறையாக அனுமதி வாங்கி, விரும்பி வந்தவர்களிடம் சோதித்தோம். மேலப்பாளையத்திலிருந்து வந்த ஒரு காலேஜ் பெண், கடைசி வாரம் தன் செல்ஃபியை மதினிக்கு அனுப்பினாள். மதினி அதை யாரிடமும் காட்டவில்லை. "ஒரு பிள்ள தைரியமா கண்ணாடி பாத்துட்டா," என்று மட்டும் சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார்.

கட்டுரை வெளிநாட்டு ஜர்னலில் வந்தது. முதல் பெயர் அவருடையது, கீழே ஊர் திருநெல்வேலி. அந்தப் பக்கத்தை என் அண்ணனுக்கு நான்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். வேண்டுமென்றேதான் அனுப்பினேன்!

மதினிக்கு நல்ல மனிதர் ஒருவர் அமைந்தார். பரு பின்னாளில் போனது, ஆனால் வலது கன்னத்தின் குழித் தழும்புகள் போகவில்லை. எங்கள் பேட்ச் பருவுக்குத்தான், தழும்புக்கு இல்லையே.

இன்று பெட்டியில் வைப்பதற்கு முன், பக்கத்து வீட்டு அக்கா பவுடர் டப்பாவை எடுத்து வந்தார். "இந்தக் கன்னத்துல குழி குழியாத் தெரியுது. லேசாப் பூசி விடுவோமா?"

மதினியின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணும் பூசாத. அது எம்மவ வேல பாத்த கன்னம்."

போய் வாங்க மதினி... உங்கள் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள் நான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவேன்.